கத்தராத்தோவும் கழுவும் வேலையும்

வைன் செய்யும் இடத்தில் வேலை என்று சொன்னால் ஊரில் இருக்கிறவர்கள் இரண்டில் ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது ஒன்று. பெரிய ஆலை ஒன்றில் பொத்தான் அழுத்துகிறேன் என்பது மற்றது. உண்மையில் என் வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான். பெட்டி, தொட்டி, குழாய், பம்பி எல்லாம் கழுவி, கடைசியில் காலையில் கழுவிய நிலத்தையே பின்னேரம் திரும்பக் கழுவுவது. அதற்குத்தான் என்னை எடுத்தார்கள். இன்று கொடி வெட்டவும் சாறு பார்க்கவும் பழகிவிட்டேன். ஆனாலும் கந்தீனா என்கிற வைன் கூடத்துக்குள் நுழைந்ததும் கை முதலில் தேடுவது கொதிதண்ணீர்க் குழாயைத்தான்.

சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் 1980களிலிருந்து யாழ்ப்பாணத்துச் சனம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வீட்டு வேலை, முதியவர்களைப் பராமரிக்கும் வேலை, இல்லாவிட்டால் உணவகக் குசினி. நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே வைன் கொண்டுவந்து இறக்கும் பெண்மணி ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, "அறுவடைக்கு ஆள் தேவை. இப்படிக் கழுவுகிற ஒருவர் கிடைத்தால் நல்லது" என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு என்று போனேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அந்தப் பெண்மணியை எல்லோரும் சின்யோரா என்போம். அவருடைய தகப்பனார், எண்பதைத் தாண்டியவர், தோட்டத்துக்குப் பெரியவர். கந்தீனாவில் நிரந்தரமாக வேலை செய்வோர் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவோம்.

இடம் பலெர்மோவிலிருந்து ஒரு மணித்தியாலக் கார்ப் பயணத்தில், காம்போரெயாலே பக்கத்துக் குன்றுகளில். களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த நிலம். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மாரியில் சப்பாத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். அங்கே நிற்பது பெரும்பாலும் கத்தராத்தோ என்ற வெள்ளைத் திராட்சை. கொஞ்சம் பெரிக்கோனே என்ற கறுப்பு. இரண்டும் இந்தத் தீவின் சொந்தப் பயிர்கள்.

கத்தராத்தோவுக்கு நீண்ட காலமாக நல்ல பெயர் இல்லை. சிசிலியில் மிக அதிகமாகப் பயிராகும் வெள்ளைத் திராட்சை இதுதான் என்பதே அதற்குக் குற்றமாகிவிட்டது. 1773இல் ஜோன் வூட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் மர்சாலாத் துறைமுகத்தில் வைனுக்குச் சாராயம் கலந்து கப்பலேற்றினார். அதிலிருந்து வளர்ந்த மர்சாலா வியாபாரத்துக்கு அடிச்சாறு தந்த திராட்சைகளில் கத்தராத்தோ முக்கியமானது. அந்த வியாபாரம் சரிந்த பிறகு, வடக்கு நாடுகளின் மெல்லிய வைனுக்கு உரம் ஏற்ற தாங்கிகளில் போனது. கூட்டுறவுச் சங்கங்கள் பழத்தை எடையாலும் சீனியின் அளவாலும்தான் நிறுத்து வாங்கின. காசு அப்படி வந்தால் கமக்காரன் என்ன செய்வான்? கொடியில் எவ்வளவு தொங்குமோ அவ்வளவையும் தொங்கவிட்டான். குலை கூடினால் சுவை நீர்த்துப்போகும் என்பது அவனுக்கும் தெரியும். சங்கத்துத் தராசுக்குத்தான் அது தெரியாது.

பிறகு ஷார்டனே, மெர்லோ, சிரா என்று வெளியூர்ப் பெயர்கள் விலை போன காலம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் பலர் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு அவற்றை நட்டார்கள். நீங்கள் மட்டும் ஏன் பிடுங்கவில்லை, பாரம்பரியத்தின் மேல் பற்றா என்று ஒருமுறை பெரியவரிடம் கேட்டேன். "பற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. பிடுங்குவதற்குக் கையில் காசில்லை" என்றார். இன்று அதே கொடிகளைப் பார்க்க ஜப்பானிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வைன் வாங்குகிறவர்கள் வருகிறார்கள். சின்யோரா அவர்களுக்குப் பாரம்பரியத்தைப் பற்றி அழகாகப் பேசுவார். பெரியவர் கதிரையில் இருந்து சிரிப்பார்.

சொந்தப் பயிர் என்கிறோமே, அதற்கும் ஒரு வேடிக்கை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் வேர் அமெரிக்கக் காட்டுத் திராட்சைகளுக்குத்தான் இருந்தது. அதனால் அந்த வேரில் கொடியை ஒட்டித்தான் நடுகிறார்கள். இன்று எங்கள் தோட்டத்திலும் மண்ணுக்கு மேலே நிற்பதுதான் சிசிலி, மண்ணுக்குள் இருப்பது அமெரிக்கா. வரட்சியும் சுண்ணாம்பு மண்ணும் தாங்குவதால் உலகம் முழுக்கப் பயன்படும் '1103 போல்சன்' என்ற ஒட்டுக்கட்டை, பலெர்மோவிலேயே வேலை செய்த ஃபெதெரிக்கோ போல்சன் அமெரிக்க இனங்களைக் கலந்து உருவாக்கியது. வந்த வேரில் நின்று காய்க்கும் கொடியை இந்த ஊர்க்காரர்கள் தங்கள் கொடி என்று சொல்லும்போது எனக்கு அதில் மறுப்பே கிடையாது.

இந்தக் கொடியின் பெறுமதி எனக்கு விளங்கியது வெயிலில். 2021 ஓகஸ்ட் 11இல் சிசிலியின் கிழக்கே ஃப்லோரிதியாவில் 48.8 பாகை பதிவானது. ஐரோப்பாவில் அளந்த வெப்பத்திலேயே அதுதான் உச்சம். அப்படிப்பட்ட கோடையில் வெளியூர் இனங்கள் அவசரமாகப் பழுக்கும். சீனி ஏறும், புளிப்பு ஓடிவிடும், வைன் பாணி போல் இருக்கும். கத்தராத்தோ அவசரப்படாது. செப்டம்பர் நடுவில் கடித்துப் பார்த்தாலும் பல் கூசும் அளவுக்குப் புளிப்பை வைத்திருக்கும். ஒன்றும் சேர்க்காமல் வைன் செய்கிறவனுக்கு அந்தப் புளிப்புத்தான் காவல். புளிப்புக் குறைந்த சாற்றில் வேண்டாத பக்டீரியாக்கள் எளிதில் பெருகும். பெரிய ஆலைகள் தார்த்தாரிக் அமிலத்தை வாளியால் கொட்டிச் சரிசெய்துவிடும். எங்களுக்கு அது பழத்திலேயே வந்தாக வேண்டும். சொந்த இனம் என்று நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பதில் பாதி பாசம், பாதி கணக்கு.

எங்கள் வருடம் தை மாதத்தில், கொடி வெட்டுவதோடு தொடங்கும். யாழ்ப்பாணத்தில் அப்பா முந்திரிகைப் பந்தல் போட்டிருந்தார். திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். அங்கே குளிர்காலம் இல்லாததால் கொடி தானாக உறங்காது. எப்போது வெட்டுகிறோமோ அப்போது தளிர்க்கும், அதிலிருந்து நாள் கணக்குப் பார்த்துப் பழம் எடுக்கலாம். சிசிலியில் கொடி தானே உறங்குகிறது, எழும்புவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். பந்தலும் கிடையாது. பழைய பாத்திகளில் அல்பெரெல்லோ முறை: ஆதாரம் இல்லாமல் இடுப்பளவுச் சின்ன மரமாக நிறுத்தி, மூன்று நான்கு கைகள் விட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கண் வைத்து வெட்டுவது. பந்தெல்லெரியாத் தீவில் இந்த வளர்ப்பு முறையை 2014இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெரியவர் எனக்கு வெட்டக் கற்றுத் தந்தபோது முதல் வாரம் கத்தரியைக் கையில் தரவே இல்லை. "கொடியைச் சுற்றி ஒருதரம் நட. போன வருடம் நான் எங்கே வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று சொல். பிறகு தாறேன்" என்றார். வெட்டுக்காயம் பெரிதானால் மரம் உள்ளே காய்ந்துகொண்டே போகும், நீரோட்டம் அடைபடும். அதனால் காயம் சிறிதாக, ஒரே பக்கமாக இருக்க வேண்டும். பங்குனியில் வேர் எழும்பும்போது வெட்டிய நுனிகளிலிருந்து நீர் சொட்டும். கொடி அழுகிறது என்பார்கள். அது சொட்டினால்தான் பெரியவருக்கு நிம்மதி.

மழை தொடங்கும் ஐப்பசியில் வரிசைகளுக்கு இடையே சிறிய அவரையும் பயறினச் செடிகளும் விதைப்போம். அவை காற்றிலிருக்கும் நைதரசனை வேரில் பிடித்து வைக்கும். வசந்தத்தில் பூக்கும் வேளையில் வெட்டி மண்ணோடு புரட்டிவிட்டால் அதுதான் பசளை. இதற்கு மேல் நிலத்துக்குச் செலவில்லை. நோய்க்குத்தான் செலவு.

இயற்கைப் பயிர்ச்செய்கை என்றால் மருந்தே அடிப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அடிக்கிறோம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள், அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை. அப்பாவும் இதைத்தான் முந்திரிகைக்கு அடித்தார், வாளி நீலமாக இருக்கும். ஐரோப்பியச் சட்டப்படி ஒரு ஹெக்டயருக்கு 7 வருடத்தில் 28 கிலோ செம்புக்கு மேல் போகக் கூடாது. செம்பு மண்ணை விட்டுப் போகாது, மண்புழுவுக்கு ஆகாது. ஆகவே அந்த வரம்பு நியாயமானது. சிக்கல் என்னவென்றால் செம்பு இலைக்கு மேலேதான் இருக்கும். மழை பெய்தால் கழுவுப்பட்டுப் போய்விடும், திரும்ப அடிக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் அடிக்கும் இரசாயன மருந்து இலைக்குள்ளே இறங்கி நிற்கும். மழை நாளில் அவர் நித்திரை கொள்வார்.

2023ஐ இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரும் மறக்க மாட்டார்கள். வழமையாகச் சிசிலியில் மே மாதம் வானம் வரண்டுவிடும். அந்த வருடம் மே, ஜூன் முழுக்க மழை. இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் பொட்டு, திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். அடுத்த கிழமை பிஞ்சுக் குலைகள் பழுப்பாகிச் சுருங்கின. தெற்கு இத்தாலி முழுவதும் இதே கதை. மழை விட்ட ஒவ்வொரு இடைவெளியிலும் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு ஓடினோம். களியில் உழவு இயந்திரம் இறங்காது. நோய் பட்ட இலைகளைக் கையால் பிடுங்கி, காற்று நுழையும்படி கொடிகளைத் திறந்துவிட்டோம். தப்பியதை ஜூலை எடுத்தது. ஜூலை 24இல் பலெர்மோவில் 47 பாகை, நகரைச் சுற்றி மலைகளில் தீ, விமான நிலையத்தை மூடினார்கள். அந்த வருடம் அறுவடைக்கு அடுக்கிய வெறும் பெட்டிகளில் பல வெறுமையாகவே திரும்பின. அடுத்த வருடம் மாறாக, குளங்கள் வற்றும் வரட்சி. காலநிலை மாறவில்லை என்று சொல்கிறவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து ஒரு வைகாசி, ஒரு ஆடி நிறுத்தினால் போதும்.

அறுவடைக்குப் பலெர்மோவிலிருந்து எங்கள் பெடியன்கள் சிலர் வருவார்கள். விடியுமுன்னமே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிப்போம். பழம் சூடாக உள்ளே வந்தால் அது நொதித்துப் பொங்குவது கட்டுக்கடங்காது. ஆழமில்லாத சின்னப் பெட்டிகள்தான், அப்போதுதான் அடியிலுள்ள பழம் நசியாது. நசிந்த பழத்தில் பெட்டியிலேயே வினாகிரி தொடங்கிவிடும். அழுகல், வெயிலில் கருகியது, புழு தொட்டது எல்லாம் தோட்டத்திலேயே கழியும். இதில் இரக்கம் காட்ட முடியாது. கந்தகம் போட்டுக் கிருமியை அடக்குகிற ஆலைக்குக் கொஞ்சம் அழுகல் பரவாயில்லை, எங்களுக்கு ஒரு கைப்பிடியும் ஆபத்து.

செப்டம்பர் 4 மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். அது சாந்த றொசாலியாவின் திருநாள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவர் என்று நகரம் நம்பும் புனிதை அவர். பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கும் அவரிடம் நம்மவர்கள், சைவர்களும் வேதக்காரர்களும் சேர்ந்து, வெறுங்காலோடு ஏறுவார்கள். பெரிக்கோனே பழுத்துத் தொங்குகிறதே என்று ஒருமுறை சின்யோரா தலையில் கை வைத்தார். "றொசாலியா அவளுடைய சனத்தின் வேலையைக் கெடுக்கமாட்டாள்" என்று பெரியவர் எங்கள் பக்கம் பேசினார். அதற்குப் பிறகு அந்த நாளை நாட்காட்டியில் அவரே வட்டம் போட்டு விட்டுவிடுகிறார்.

இனி உள்ளே நடப்பது. கத்தராத்தோவைக் காம்பு நீக்கி, தோலோடு ஒரு கிழமையளவு கொங்கிறீட் தொட்டியில் ஊற வைப்போம். வைன் மஞ்சள் கடந்து தேன் நிறத்துக்கு வரும், தோலின் துவர்ப்பும் இறங்கும். அந்தத் துவர்ப்பு காற்றின் தாக்கத்திலிருந்து வைனைக் கொஞ்சம் காக்கிறது. வெளியிலிருந்து ஈஸ்ட் போடுவதில்லை. பழத்தோலிலும் கந்தீனாவின் சுவரிலும் இருப்பதே போதும். அறுவடைக்குச் சில நாள் முன்னதாகக் கொஞ்சப் பழத்தைப் பறித்துச் சின்ன வாளிகளில் பொங்கவிடுவோம். மூக்கை வைத்துப் பார்த்து, மணம் சுத்தமாக உள்ள வாளியைப் பெரிய தொட்டிக்கு உறையாக ஊற்றுவோம். மற்ற வாளிகள் வாய்க்காலுக்கு.

யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. பனையில் கட்டிய முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. கள்ளுக்கு ஈஸ்ட் வாங்கிப் போட்டவர் எவரும் இல்லை. பாளையும் காற்றும் முட்டியும் பார்த்துக்கொள்ளும். ஆனால் நல்ல சீவல்காரர் ஒவ்வொரு நாளும் முட்டியைக் கழுவாமல் கட்டமாட்டார். வைனில் சுண்ணாம்பின் இடத்தில் கந்தகம் இருக்கிறது. அதைத் தடவாமல் விட்டால் கழுவும் வேலை பல மடங்காகும். எங்கள் தொழிலின் சுருக்கம் அவ்வளவுதான்.

பொங்கும் நாட்களில் காலையும் மாலையும் மேலே மிதக்கும் தோல்களைக் கீழே அமுக்க வேண்டும். விட்டால் காய்ந்து, வினாகிரிக் கிருமிக்கு வீடாகும். மிதவைமானியைப் போட்டுச் சாற்றின் அடர்த்தியை எழுதுவோம். ஒரு லீட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சீனி குறைந்தால் ஒரு வீதம் மதுசாரம் ஏறியிருக்கும். எண் இறங்காமல் நின்றுவிட்டால் இரவில் நித்திரை இல்லை. பொங்கும் தொட்டிக்குள் தலையை விடக் கூடாது என்பது முதல்நாளே சொல்லித்தரும் விதி. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளும் நிலத்தோடும் படுத்துக்கிடக்கும், மணம் கிடையாது. இந்த நாட்டில் வைன் தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவருமாகச் செத்த செய்தி அவ்வப்போது வரும். புதிய பெடியன்களுக்கு நான் முதலில் காட்டுவது கதவையும் காற்றாடியையும்தான்.

மாரியில் வைனில் இருக்கும் மாலிக் அமிலம், ஆப்பிளில் இருப்பதும் அதுதான், புளித்த பாலில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாறும். அதுவும் தானாகத்தான். அதற்குப் பிறகு வண்டல் அடியில் இறங்க, வைன் தானே தெளியும் வரை பொறுத்திருப்போம். வடிகட்டுவதில்லை. 100 கிலோ பழத்துக்கு 65, 70 லீட்டர் வைன் மிஞ்சும். தொண்ணூறு போத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைனில் போடும் கந்தகத்தை, அதாவது சல்பைட்டைப் பற்றி இந்த வட்டாரத்தில் மதச் சண்டை போல வாக்குவாதம் நடக்கும். சாதாரண உலர்ந்த வெள்ளை வைனில் லீட்டருக்கு 200 மில்லிகிராம் வரையும், சிவப்பில் 150 வரையும் ஐரோப்பியச் சட்டம் விடுகிறது. ஓகானிக் முத்திரை வேண்டுமானால் 150, 100. 'இயற்கை வைன்' என்ற சொல்லுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட வரையறை இன்னும் இல்லை. பிரான்ஸ் மட்டும் 2020இல் ஒரு முத்திரையை ஏற்றுக்கொண்டது, அதன் உச்சவரம்பு 30. ஒன்றும் போடாவிட்டாலும் ஈஸ்ட் தானே சிறிது உண்டாக்கும். அது 10ஐத் தாண்டினால் 'சல்பைட் உண்டு' என்று போத்தலில் எழுதத்தான் வேண்டும். அந்த வரியைப் பார்த்துவிட்டு ஏமாற்று என்று சண்டைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. சின்யோரா நல்ல வருடத்தில் ஒன்றும் போடமாட்டார். சந்தேகமான வருடத்தில் போத்தலில் அடைக்குமுன் மிகச் சிறிது போடுவார். அதற்காக அவரைப் போலி என்று கண்காட்சிகளில் முகம் திருப்புகிறவர்கள் உண்டு. நான் அவர் பக்கம். வருடம் முழுக்க முதுகு முறிந்து வளர்த்த பழத்தை ஒரு கொள்கைக்காக வினாகிரியாக்கி விற்பதில் எனக்கு மரியாதை இல்லை.

எலிநாற்றம் என்று ஒரு குறை இருக்கிறது. மணத்தில் பிடிபடாது. விழுங்கியபின் உமிழ்நீரின் தன்மையால் வாயில் எழும்பும். சிலருக்கு அது தெரிவதே இல்லை. அதனால் எங்கள் இடத்தில் ஒருவர் நாக்கை மட்டும் நம்பி எதையும் அடைப்பதில்லை. பெரியவர், சின்யோரா, நான் மூவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கந்தகம் இல்லாத வைனில்தான் இது அதிகம். ஆனால் அசட்டையாகக் கழுவிய குழாயும் காற்றுப்பட்ட தொட்டியும் அதை அழைத்துவரும் என்பது என் அனுபவம். மூவரில் ஒருவர் வேண்டாம் என்று தலையாட்டினாலும் அந்தத் தொட்டி நிற்கும். சில மாதங்களில் அது தானே போய்விடுவதும் உண்டு. போகாவிட்டால் வடிசாலைக்குப் போகும்.

ஊரில் தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகள் முந்திரிகையில் வைன் செய்தார்கள். சின்ன வயதில் வீட்டு அலுமாரியில் மருந்து மாதிரி ஒரு போத்தல் இருந்தது. அம்மாவுக்கு என் வேலையைப் பற்றிச் சொல்லும்போது தோலகட்டியின் பெயரைச் சேர்த்தே சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் கவலைப்படாமல் கேட்பார்.

இப்படிச் செய்த போத்தல் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் சில விசயங்கள். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அடியில் வண்டல் இருந்தால் பயப்படாதீர்கள், குலுக்காமல் ஊற்றினால் போதும். தோலோடு ஊறிய வெள்ளை வைனை ஐஸ் போலக் குளிரவைக்க வேண்டாம், துவர்ப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். திறந்ததும் கொஞ்சம் முட்டை மணம் வந்தால் கால் மணித்தியாலம் காற்றுப்படவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு மணமோ வினாகிரி மணமோ அடித்தால் காத்திருந்து பயனில்லை, கடையில் திருப்பிக் கொடுங்கள். "இயற்கை வைன் இப்படித்தான் இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தொட்டியை எவரோ ஒழுங்காகக் கழுவவில்லை.